பிரதம விருந்தினர் வரும்வரை ஓட்டம் தொடங்காது

1

பிரான்சுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் கந்தோர்களில் என் பெயரை வைத்து நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை தபால் கந்தோரில் பட்டது புதுப் பாடு.

திருகோணமலையிலிருந்து ஒரு பொதி வந்திருந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து துண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். துண்டையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை அட்டையைப் பார்த்தாள், பொதியைப் பார்த்தாள், திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். "மிஸ்யூ, இது உங்கள் பெயர் இல்லையே" என்றாள். எட்டிப் பார்த்தேன். பொதியின்மேல் ஆங்கில எழுத்தில் கொட்டையாக 'சமூகத் திலகம் தவராசா' என்று எழுதியிருந்தது. என் அட்டையில் இருப்பது சின்னத்துரை தவராசா. அவளைப் பொறுத்தவரை சமூகத் திலகம் என்பவர் வேறு ஆள்.

அது பெயரில்லை, பட்டம் என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டாள். பல்கலைக்கழகம் இல்லை, ஊரில் மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பது என்றேன். "எதற்காகக் கொடுத்தார்கள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. கடைசியில் மேலதிகாரி வந்து, இரண்டு படிவம் நிரப்பி, நான்தான் அந்தத் திலகம் என்று கையெழுத்து வைத்துப் பொதியை வாங்கினேன்.

வீட்டில் வந்து உடைத்தால், உள்ளே கண்ணாடியில் செய்த நினைவுச் சின்னம். ஓடுகிற ஒரு மனிதனின் உருவம், அதற்குக் கீழே மாலையும் கழுத்துமாக என்னுடைய படம். கூடவே ஒரு கடிதம். சென்ற வருட வீதியோட்டத்தைச் சிறப்பித்தமைக்கு நன்றியாம். இந்த வருடமும் பிரதம விருந்தினராக வந்து சிறப்பிக்க வேண்டுமாம். வாசித்ததும் சீ என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த விழாவில் எடுத்த இன்னொரு படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னவர்கள் உங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன். வாசித்த பிறகு வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் பெரிய ஓட்டக்காரனில்லை. பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கியவன், இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் டொக்டர் சீனி வருத்தம் என்றார், நடக்கச் சொன்னார். நடந்தேன். நடக்கிற நேரத்தில் பாதி மிச்சமாகுமே என்று ஓடினேன். அவ்வளவுதான் என் ஓட்ட வரலாறு.

முதன்முதல் ஒரு பத்துக் கிலோமீற்றர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோதுதான், இந்த நாட்டில் சும்மா ஓடவும் ஏலாது என்று தெரிந்தது. அந்த நாளில் வைத்தியரின் கடிதம் வேண்டும். கொண்டுபோனேன். இலக்கம் கொடுக்கிற மேசையில் இருந்தவர், "இதில் விளையாட்டு என்றுதான் இருக்கிறது, போட்டி என்று இல்லை" என்று திருப்பிவிட்டார். திரும்பவும் வைத்தியரிடம் போய், ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டபோது என் பிரெஞ்சு வேறு காலை வாரியது. போட்டிக்கும் கடைக்குப் போவதற்கும் அந்தப் பாஷையில் ஒரே சொல். போட்டிக்குப் போகிறேன் என்று நான் சொன்னதை, சாமான் வாங்கப் போகிறேன் என்று விளங்கிக்கொண்டு, அப்படியே ஐந்து கிலோ வெங்காயமும் வாங்கிவரச் சொன்னார்.

போட்டி ஒன்பது மணிக்கு என்றார்கள். ஒன்பது மணிக்கு வெடிச்சத்தம் கேட்டது, ஓடினோம். அந்தச் சின்ன நகரத்தின் மேயரும் அன்றைக்கு ஓடினாராம். எந்த ஆள் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அதற்காக இங்கே எல்லாம் தங்கம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டம் தொடங்குவதற்குக் கால் மணிக்கு முன்னர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மதிலோடு வரிசையாக நின்று மூத்திரம் பெய்கிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்தால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். வழி நெடுகக் காறித் துப்புவார்கள். வாழைப்பழத் தோலும் கடித்துத் துப்பிய தோடம்பழமும் சப்பாத்தில் ஒட்டும். இருந்தும் வருடத்தில் நாலைந்து போட்டிக்குப் போவேன். என்னை முந்திப் போகிறவனுக்கு நான் யார் என்று தெரியாது. அகதி விண்ணப்பமும் விசாரணையும் என்று இருந்துவந்தவனுக்கு அது பெரிய சுகம்.

மகள் அஞ்சலி முதல் வருடம் காட்போட் மட்டையில் 'அலே பப்பா', ஓடுங்கோ அப்பா, என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அடுத்த வருடம் மட்டை இல்லாமல் வந்தாள். அதற்கடுத்த வருடம் வரவில்லை. இப்போது பத்தொன்பது. நான் ஓடிவிட்டு வந்தால், பிரெஞ்சில், முதலில் குளியுங்கள் என்பாள். நான் தமிழில் பதில் சொல்வேன். பாதி விளங்கும், பாதி விளங்காது. இரண்டு பேரும் கேட்பதில்லை, போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

3

அஞ்சலியின் வயதில், திருகோணமலைக்கு அருகே சம்பூரில் இன்னொரு பெண்பிள்ளை இருக்கிறாள். என் தங்கச்சி பத்மாவின் மகள் மிதுனா. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அகதி முகாமில் பிறந்தவள். ஊருக்குத் திரும்பிப் போக விட்டபோது தகரக் கொட்டிலும் பற்றைக் காடும்தான் இருந்தன. அந்தப் பற்றைக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓடியே அவளுக்குக் கால் வந்தது என்று பத்மா சொல்வாள்.

"அண்ணை, இவள் விடிய நாலரைக்கெல்லாம் எழும்பி ஓடுறாள். ஊர் நாயெல்லாம் பின்னால ஓடுது. எனக்குப் பயமாக் கிடக்கு" என்று ஒரு நாள் போனில் முறைப்பாடு சொன்னாள்.

மிதுனா போனைப் பறித்தாள். "மாமா, நாய் கலைச்சாத்தான் என்ர ரைம் நல்லா வருது. நீங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

அவளுக்காகத்தான் சப்பாத்துச் சேர்க்கத் தொடங்கினேன். எங்கள் ஓட்டக்காரர் சங்கத்தில் வெள்ளையர்கள் ஆறு மாதம் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற சப்பாத்துகளைக் கழுவி, காயவைத்து, ஒரு பெரல் பீப்பா நிறைய அனுப்பினேன். அவளுக்கு இரண்டு சோடி போக, மிச்சத்தைத் திருகோணமலையில் ஒரு விளையாட்டுக் கழகம் பொறுப்பெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அந்தக் கழகத்தின் செயலாளர் ரமணன் அப்படித்தான் எனக்குப் பழக்கமானார். நல்ல மனிதர், ஓடியாடி வேலை செய்கிறவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கழகம் வருடாவருடம் பத்துக் கிலோமீற்றர் வீதியோட்டம் ஒன்று வைக்கிறது. கொழும்பிலிருந்து விளையாட்டு அதிகாரி ஒருவர் வந்து நேரத்தைக் குறிப்பார். பெண்பிள்ளைகளில் யாராவது நாற்பத்திரண்டு நிமிடத்துக்குள் முடித்தால் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சிக்கு எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர் எல்லாம் அவர்களே. அதை முடித்தவர்களுக்கு வேலையும் கிடைக்கும். வயதெல்லை பத்தொன்பது. மிதுனாவுக்குப் போன வருடம்தான் கடைசிச் சந்தர்ப்பம். சம்பூர் வீதியில் அவள் பழகும்போது நாற்பத்தொன்றரைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏலாமப் போனா என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஏலாமப் போனாக் கார்மெண்ட்ஸ்தான் மாமா. அம்மா பேர் குடுத்து வைச்சிட்டா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏலாமல் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை.

4

அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும், நானும் பின்னால் ஓட வேண்டும் என்று லீவு போட்டேன். கணினியில் பதிவு செய்தேன். பிறந்த இடம் திருகோணமலை என்று எழுதினேன். கடவுச்சீட்டு பிரான்ஸ் என்று எழுதியதும் வெளிநாட்டவர் பிரிவில் தள்ளிவிட்டது. எத்தனை தரம் மாற்றினாலும் அதுதான். மின்னஞ்சல் எழுதினேன். 'கடவுச்சீட்டின்படிதான் ஐயா' என்று ஒரு வரிப் பதில் வந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெளிநாட்டவர்களின் மஞ்சள் இலக்கம். அன்றைக்கே எரிச்சல் தொடங்கிவிட்டது.

போகிறேன் என்று ரமணனுக்கும் சொன்னேன். "அண்ணை, நீங்கள் வந்தாக் காணும். மிச்சமெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றார். அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நான் ஓடப் பதிவு செய்ததை அவருக்குச் சொல்லவில்லை. நானூறு பேரில் ஒருவன் ஓடுவதை ஏன் சொல்ல வேண்டும்? கழகத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒரு நாளைக்கு அறுபது 'காலை வணக்கம்' படம், ரோசாப்பூ, விளக்கு, தத்துவம். சத்தத்தை நிறுத்திவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

என் பிழை அங்கே தொடங்கியது. அழைப்பிதழ் அந்தக் குழுவில்தான் வந்திருக்கிறது. அடித்த அழைப்பிதழ், நடுவில் கோட்டும் சூட்டுமாக என் பழைய படம், பெயருக்கு முன்னால் அவர்களாகச் சூட்டிய பட்டம். நான் பார்க்கவில்லை. பார்க்காதவன் வரமாட்டான் என்று அவர்களும் நினைக்கவில்லை. அழைப்பிதழில் பெயர் வந்தால் ஆள் வந்துதானே ஆக வேண்டும்!

5

ஓட்டம் காலை ஐந்தே முக்காலுக்கு. ஆவணி மாதத்துக் கிழக்குக்கரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயிலேற முன்னர் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றுதான் அந்த நேரம். பத்மாவும் மிதுனாவும் நானும் முதல் நாளே வந்து உட்துறைமுக வீதியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். அவர்கள் இரண்டு பேரையும் ஐந்து மணிக்கு ஆட்டோவில் அனுப்பினேன். போனை அறையில் விட்டுவிட்டு, உடம்பு சூடேறட்டும் என்று நான் பின்னால் மெதுவாக ஓடிப் போனேன்.

கடற்கரை மைதானத்துக்கு முன்னால் தொடக்கக் கோடு. அதற்குப் பக்கத்தில் மேடை. மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய பதினைந்து கதிரைகள். குருத்தோலைத் தோரணத்தை ஊருக்குள் திரிகிற மான் ஒன்று நின்று ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது, யாரும் கலைக்கவில்லை. மிதுனா முன்வரிசையில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நாலாவது வரிசை. என் பக்கத்தில் நின்றவர் கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்கிற ஜௌபர் என்பவர், என் வயதுக்காரர். என் இலக்கத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன அண்ணன், வெள்ளக்கார நம்பர் குத்தியிருக்கீங்க?"

"நான் இந்த ஊர்தான். பாஸ்போட் பிரான்ஸ்."

"அப்ப காலும் பிரான்ஸ் காலா? பார்த்து ஓடுங்க, எங்கட ரோட்டுக் குழிக்கி பிரெஞ்சு விளங்காது."

ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆனது. ஆறேகாலுக்கு ஒலிபெருக்கி திறந்தது: எங்கள் பிரதம விருந்தினர் இன்னும் சற்று நேரத்தில் வருகை தருவார், ஓட்ட வீரர்கள் தயவுசெய்து வரிசையைக் குழப்ப வேண்டாம். ஆறே முக்காலுக்கும் அதே அறிவிப்பு. ஏழு மணிக்கு ஒரு சினிமாப் பாட்டு. சூரியன் நேரே முகத்தில் அடித்தது. ஓடும்போது குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களை நின்றுகொண்டே குடித்து முடித்தோம். மிதுனா மூன்று தரம் உடம்பைச் சூடாக்கி மூன்று தரம் ஆறவிட்டாள். கால் பிடித்துவிடும் என்று குனிந்து கெண்டைக்காலை உருவிக்கொண்டேயிருந்தாள். பத்மா கயிற்றுக்கு அப்பால் நின்று முந்தானையால் அவளுக்கு விசிறினாள்.

"ஆர் அந்தப் பெரிய மனிசன்?" என்று ஜௌபரிடம் கேட்டேன்.

"வெளிநாட்டால ஒராள் வாராராம். கூட்டிவர வேன் போனதாம், ஆளைக் காணல்லயாம். கோணேசரைக் கும்பிடப் போயிருப்பார் எண்டு கோயிலுக்கும் வேன் போயிரிக்கி."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வரிசையை விட்டுப் போய், மேடைக்குக் கீழே நின்ற தொண்டர் ஒருவரைப் பிடித்துக் கத்தினேன். "எந்த நாய்க்காக ஐசே இந்தப் பிள்ளையளை வெயிலில காயவிடுறியள்? அவன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஓட்டத்தைத் தொடங்குங்கோ!"

அவர் பயந்துபோனார். "ஐயா, மாலையெல்லாம் வாங்கியாச்சு. மாலை போடாமத் தொடங்க ஏலாதுதானே?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் இன்னும் உரத்துக் கத்தினேன். வெளிநாட்டில் இருந்து வருகிறவன்களுக்கு இந்த ஊரில் கொம்பு முளைக்கிறது என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். மிதுனா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, சத்தம் போடாதேங்கோ. பிறகு என்ர நம்பரை வெட்டிப்போடுவினம்."

அவளுக்காக வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து வரிசையில் நின்றேன்.

ஏழரைக்கு ஒலிபெருக்கி திரும்பவும் திறந்தது. இந்தத் தரம் ரமணனின் குரல். "பிரான்ஸ் நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் எங்கள் பிரதம விருந்தினர், சமூகத் திலகம் சின்னத்துரை தவராசா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

முன்வரிசையில் மிதுனா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "உங்களைத்தான்."

6

மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. ஜௌபர் வழிவிட்டார். ரமணன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார், கண் கலங்கியிருந்தது. "அண்ணை! இஞ்சையே நிண்டனீங்கள்? இந்தக் காற்சட்டையோட?"

"முதல்ல ஓட்டத்தைத் தொடங்குங்கோ ரமணன். பிள்ளையள் பாவம்."

"அஞ்சு நிமிசம் அண்ணை. அஞ்சே நிமிசம்."

காற்சட்டையோடு மாலை போட ஏலாதாம். யாரோ ஒருவரின் பையிலிருந்து வேட்டி ஒன்று வந்தது, காற்சட்டைக்கு மேலாலேயே சுற்றிக் கட்டினார்கள். மஞ்சள் இலக்கத்தை மறைக்கிற மாதிரிப் பொன்னாடை. அதற்கு மேல் மாலை. பிறகு மங்கள விளக்கு. துறைமுகக் காற்று ஒவ்வொரு தீக்குச்சியையும் அணைத்தது. ஆறு பேர் கையைக் குவித்துக்கொண்டு நின்றோம், ஐந்து திரியையும் ஏற்றும்வரைக்கும் விடவில்லை. பிறகு வரவேற்புரை. அதற்குப் பிறகு ரமணன் ஒலிவாங்கியை என் கையில் தந்தார். "ரெண்டு வார்த்தை அண்ணை."

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அதுவரைக்கும் நடந்தது அவர்களின் கூத்து, என் கவலையீனம். நடந்தது நடந்துவிட்டது, மன்னிக்கலாம். ஒலிவாங்கி என் கைக்கு வந்த பிறகு நடந்தது முழுக்க முழுக்க நான். 'ஓடுங்கோ பிள்ளையள்' என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் காணும். ரமணனே இரண்டு வார்த்தைதான் கேட்டார்.

பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அந்த வீடியோ இருக்கிறது, நேரத்தைப் பார்த்தேன். எதைப் பற்றிப் பேசினேன் தெரியுமா? நேரம் தவறாமையைப் பற்றி! பிரான்சில் ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி என்றேன். அங்கே மேயர் வந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்றேன். எங்கள் சனம் எப்போது திருந்தப் போகிறது என்று நெற்றியைச் சுருக்கிக் கேட்டேன். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டு இடத்தில் பகிடி விட்டேன், சிரித்தார்கள். குசினிக்குள் இருபத்தைந்து வருடம் ஓம் சேர், ஓம் சேர் என்று நின்றவனுக்கு ஒலிவாங்கி இனித்தது. நிறுத்த மனம் வரவில்லை. பேசிக்கொண்டே கீழே பார்த்தேன். முன்வரிசையில் மிதுனா கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தும் பேசினேன்.

7

கொடியை அசைத்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. வேட்டியை அவிழ்க்கப் போனேன். ரமணன் கையைப் பிடித்துத் தடுத்தார். "நீங்களும் ஓடப்போறியளோ? விருந்தினர் ஓடுறதோ அண்ணை? சனம் என்ன சொல்லும்?" வெள்ளைத் துணி போர்த்திய கதிரையில் என்னை இருத்தி, கையில் ஒரு இளநீரைத் தந்தார்கள். குளிர்ந்த இளநீர். அதையும் குடித்தேன்.

இருபது நிமிடத்தில் முதல் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. உப்புவெளிப் பக்கம் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள் என்றார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். ஆண்கள் ஓரிருவராக வரத் தொடங்கினார்கள். முகமெல்லாம் கறுத்து, வாய் பிளந்து வந்தார்கள். கடிகாரத்தில் நாற்பத்தொரு நிமிடம் ஆனபோது வீதி வளைவில் மிதுனா தெரிந்தாள். பெண்பிள்ளைகளில் அவள்தான் முதல், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு ஒருத்தியும் இல்லை. கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். வலது கால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இழுத்து இழுத்து வந்தாள். நாற்பத்திரண்டு ஆனது. அவள் இன்னும் தோரணத்துக்கு வரவில்லை. கோட்டைக் கடந்ததும் முழங்காலில் விழுந்து, திரும்பிக் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு நிமிடம், பத்தொன்பது விநாடி.

மாலையோடேயே இறங்கி ஓடினேன். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மரியாதையான மனிதர். தமிழும் கதைத்தார். "நேரம் நேரம்தான் ஐயா. ஆனா பிந்தித் தொடங்கினதாலதான் இப்பிடி எண்டு கழகம் காரணத்தை எழுதித் தந்தா, மேல அனுப்பிப் பார்க்கலாம். திரும்ப ஒருக்கா ஓடவிடுவினம்."

ரமணனைத் தேடிப் பிடித்தேன். "எழுதுங்கோ. பிரதம விருந்தினருக்காக ரெண்டேகால் மணித்தியாலம் நிண்டது எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினா உங்கட பெயரையெல்லோ எழுதவேணும் அண்ணை?"

"என்ர பெயரைத்தான் எழுதுங்கோ!"

"சரி அண்ணை, சரி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று முதுகைத் தடவினார்.

பிறகு பரிசளிப்பு. பெண்களில் முதலாமிடத்துக்கான கிண்ணத்தை என் கையால் மிதுனாவுக்குக் கொடுத்தேன். அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது, நீங்கள் பார்த்தது. படம் பிடிக்கிறவர் இரண்டு பேரையும் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள். இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "கடிதம் எழுதினாச் சரி வரும் மாமா. நீங்கள் அழாதேங்கோ, சனம் பாக்குது."

8

கடிதம் எழுதினார்கள். நான் பாரிஸ் வந்து மூன்றாவது கிழமை அதன் பிரதியை ரமணன் அனுப்பினார். 'தவிர்க்க முடியாத காலநிலைக் காரணங்களால் ஓட்டம் தாமதமானது' என்று இருந்தது. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. போன் எடுத்துக் கத்தினேன். "உங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியளோ அண்ணை? சபை முழுக்க ஒருமனதா மாட்டம் எண்டிட்டுது" என்றார், நான் நன்றி சொல்லுவேன் என்று எதிர்பார்த்த மாதிரி. அன்றைக்கு மழையும் இல்லை, புயலும் இல்லை என்று மேலிடத்துக்குத் தெரியாதா? விண்ணப்பம் திரும்பி வந்தது. நானே உண்மையை எழுதி அனுப்பினேன். ஏற்பாட்டாளரின் கடிதத்தை மட்டுமே ஏற்கலாம் என்று பதில். அதற்குள் மிதுனாவுக்கு இருபது வயது ஆகிவிட்டது.

வீடியோவையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் மேசையில் போன் கிடக்க அஞ்சலி எடுத்துப் பார்த்தாள். நான் குசினிக்குள் நின்றேன். என் குரல் கேட்டது, கைதட்டல் கேட்டது. அவளுக்கு அந்த மேடைத் தமிழ் ஒன்றும் விளங்கியிருக்காது. முழுதையும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் கேட்டாள்: "அப்பா, பின்னுக்கு இருக்கிற சனமெல்லாம் ஏன் வெயில்ல நிக்குது?"

ஓட்டம் தொடங்கப் போகிறது, அதுதான் என்றேன்.

நினைவுச் சின்னத்தோடு வந்த கடிதத்துக்கு, வரமாட்டேன், இனிமேல் விருந்தினர் ஒருவரையும் கூப்பிடாதீர்கள், குறித்த நேரத்துக்குத் தொடங்குங்கள் என்று ரமணனுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். குரல்பதிவில் பதில் வந்தது. "விளங்குது அண்ணை, உங்களுக்கு வேலைப்பளு. பரவாயில்லை. கனடாவில ஒராள் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பாப்பம்." சீ.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பூருக்குப் போன் எடுத்தேன். மிதுனாவுக்கு அன்றைக்குத்தான் லீவு. கார்மெண்ட்ஸில் சேர்ந்து ஏழு மாதம். காலர் தைக்கிற பகுதியாம், கழுத்து நோகுதாம், மற்றும்படி சுகமாம். அஞ்சலி எப்படி, என் மனைவி எப்படி என்று எல்லாம் கேட்டாள். அந்த நாளைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப ஓடுறேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓடுறனான் மாமா. மூதூர் பஸ் எப்பவும் பிந்தித்தானே வரும். ஏழு மணிக்குக் கேற்றைப் பூட்டிப்போடுவாங்கள். பஸ்ஸால இறங்கிக் கேற் மட்டும் எல்லாப் பெட்டையளும் ஓடுறது."

பிறகு கொஞ்சம் பெருமையோடேயே சொன்னாள்.

"எல்லாருக்கும் முதல் போறது நான்தான்."